சிறு சட்டகமும் மறைந்துபோகும் உழைப்பும்
மன்னார்க் கரையின் இயற்கைப் புகைப்படங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

தமிழிற் புகைப்படம் பற்றிய விமர்சனம் தனித்துறையாக வளர்ச்சி பெற்றுவிட்டது எனக் கூறுவதற்கில்லை. கவிதையையும் நாவலையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமுதாயப் பின்னணியில் வைத்து நோக்கப் பழகிய நாம், புகைப்படத்தைக் கண்டதும் அப்பழக்கத்தைக் கைவிட்டு விடுகிறோம். 'அழகாக உள்ளது' என்பதே தீர்ப்பாகி விடுகின்றது. இயற்கைப் புகைப்படத்தைப் பொறுத்தவரை இந்நிலை இன்னும் வலுவானது. மரத்துக்கும் பறவைக்கும் வர்க்கம் இல்லையாதலால் அவற்றின் படத்துக்கும் கருத்துநிலை இல்லையென்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணம் எத்துணை பொருத்தமானது என்பதை மன்னார்த் தீவையும் அதனையடுத்த கரையோரத்தையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு குறிப்பிட்ட வகைப் படமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. சூறாவளி, வெள்ளம், ஆழிப்பேரலை முதலிய அனர்த்தங்களின் பின்னர் மீண்டெழும் காட்டின் மிகச் சிறிய கூறுகளை அண்மையில் நின்று பதிவுசெய்யும் படம் அது. சேற்றிலிருந்து நிமிரும் கண்டல் நாற்று, முறிந்த அடிமரத்தில் அரும்பும் தளிர், மூச்சுவேரின் மேல் ஊரும் சிறுநண்டு, உப்புப் படிந்த இலை ஆகியன இதன் வழமையான பொருள்கள். கண்காட்சிகளிலும் நாட்காட்டிகளிலும் உல்லாசப் பிரயாணத்துறைக் கையேடுகளிலும் நிறுவனங்களின் ஆண்டறிக்கை அட்டைகளிலும் இத்தகைய படங்களைக் காணலாம். எந்தவொரு கலைஞரையும் குறைகாண்பது எமது நோக்கமன்று. ஒரு வகைமையின் இயல்பும் அதன் சமுதாயப் பயன்பாடுமே இங்கு ஆய்வுக்குரியன.

2

மன்னார்க் கரை இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களமாக அமைந்தமைக்குக் காரணங்கள் உண்டு. இலங்கையின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்று இது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திற் பெய்கின்றது. வங்காலையில் முட்புதர்க்காடு, உவர்நிலம், களப்பு, கண்டல், கடற்புற்படுகை ஆகியவை ஒன்றையொன்று அடுத்து அமைந்துள்ளன. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசைவரும் நீர்ப்பறவைகள் இங்கு பெருந்தொகையாகத் தங்குகின்றன. 4,839 ஹெக்டேயர் பரப்புடைய வங்காலை 2008இற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010இல் ராம்சார் சாசனத்தின் கீழான ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வடக்கே விடத்தல்தீவுக் கரையின் கண்டல் நிலங்கள் 2016இல் இயற்கை ஒதுக்கமாயின.

அனர்த்தங்களும் இக்கரைக்குப் புதியனவல்ல. 1964 டிசம்பர் 22, 23ஆம் திகதிகளில் வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி பாக்கு நீரிணையின் இரு கரைகளையும் தாக்கியது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையான தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு சென்ற புகையிரதமொன்று கடலுள் மூழ்கியது. தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயமும் மணல் மூடிய தண்டவாளமும் பின்னர்ப் புகைப்படக் கலைஞரின் விருப்பத்துக்குரிய பொருள்களாயின. அப்படங்களைக் காண்போர் அங்கு மனிதரே இல்லையென்று கருதுவர். ஆயின் அதே மணலில் ஓலைக் குடிசையமைத்து மீன்பிடித்து வாழ்ந்த தொழிலாளர் அவ்விடத்தை முற்றாக விட்டகன்றதில்லை. 2020 டிசம்பரில் 'புரெவி' சூறாவளி வட இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியினால் விளைந்த பெருவெள்ளத்தில் மன்னார் மாவட்டமும் அகப்பட்டது. இத்தகைய நிகழ்வு ஒவ்வொன்றின் பின்னரும் 'இயற்கை மீள்கிறது' என்று கூறும் படங்கள் வெளிவருதல் வழமையாகிவிட்டது.

சிறியதை உற்றுநோக்கும் பார்வையும் மன்னாருக்குப் புதியதன்று. 1902இல் முத்துச்சிப்பிப் படுக்கைகளை ஆராயக் குடியேற்ற அரசினால் அழைக்கப்பட்ட ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர், மன்னார் வளைகுடாவின் சிற்றுயிர்கள் பற்றிய விளக்கப்படங்கள் நிறைந்த அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். அறிவியல் நோக்கில் அது பெரும்பணி. ஆயின் சிப்பியை அத்துணை நுணுக்கமாக நோக்குமாறு அவரைப் பணித்தது அரசிறைத் தேவையே. 1906இல் அப்படுக்கைகள் இலண்டன் கம்பனியொன்றுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுள் அம்முயற்சி தோல்வியுற்றது. சிப்பியின் உட்பகுதி அங்கு துலக்கமாக வரையப்பட்டது. மூச்சடக்கிச் சுழியோடிய தொழிலாளியின் உடலுக்கு அந்நுணுக்கம் வழங்கப்படவில்லை. எதை அண்மையில் நின்று பார்ப்பது என்ற தெரிவிலேயே சமுதாய நலன் தொழிற்படுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

3

இவ்விடத்தில், ஜேர்மனியில் 1920களின் இறுதியில் எழுந்த ஒரு விவாதத்தை நினைவுகூர்தல் பொருத்தமாகும். 1928இற் கார்ல் புளொஸ்பெல்ட் என்ற சிற்பக்கலை ஆசிரியர், செடிகளின் தளிர்களையும் மொட்டுகளையும் பன்மடங்கு பெருப்பித்துக் காட்டும் புகைப்பட நூலொன்றை வெளியிட்டார். வால்டர் பெஞ்சமின் அந்நூலை வரவேற்று எழுதினார். வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அமைப்புகளைக் கமெரா புலப்படுத்துகின்றது. அதனால் மனிதரின் காட்சியறிவு விரிவடைகின்றது என்பது அவரது கருத்து. அதே ஆண்டில் அல்பேர்ட் ரெங்கர்-பாட்ஷ், 'உலகம் அழகானது' எனப் பொருள்படும் தலைப்பில் வேறொரு தொகுதியை வெளியிட்டார். இதனைப் பெஞ்சமின் ஏற்கவில்லை. எப்பொருளையும் அழகாக்கவல்ல இப்பாணி, வறுமையையும் நுகர்ச்சிப் பொருளாக்கி விடுகின்றது என்று 1930களில் அவர் கண்டித்தார். தொழிற்சாலையொன்றின் புகைப்படம் அதனுள் நிலவும் மனித உறவுகள் பற்றி ஏறக்குறைய எதுவும் கூறுவதில்லை என்ற பிறெக்டின் கூற்றை அவர் எடுத்தாண்டமையும் கவனிக்கத்தக்கது.

நுணுகி நோக்குதலைப் போற்றிய அதே விமர்சகரே அழகுபடுத்தலைக் கண்டித்தார் என்பதே இதில் முக்கியமானது. இரண்டும் முரண்பட்டனவல்ல. நுணுகி நோக்குதல் அறிவைத் தருமாயின் அது கலையின் பணி. உறவுகளிலிருந்து பொருளைப் பிரித்தெடுத்து வியப்புக்குரியதாக மட்டும் ஆக்குமாயின் அது மயக்கம். நாவல் பற்றிய விவாதத்தில் ஜோர்ஜ் லூக்காச் வற்புறுத்திய வேறுபாடும் இத்தகையதே. நுண்விவரங்களைக் குவித்து வைக்கும் இயற்பண்புவாதம், அவ்விவரங்களை இயக்கத்திலும் முழுமையிலும் வைத்துக் காட்டும் யதார்த்தவாதத்தினின்றும் வேறானது. ஈழத்து விமர்சனத்துக்கு இவ்வேறுபாடு நன்கு பழக்கமானது. அதனைக் கண்டல் நாற்றின் படத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

4

முதலிற் சிறு சட்டகத்தின் பயனை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சூறாவளியின் பின் ஒரு கண்டற் காட்டின் நிலையை அறியத் தொலைவிலிருந்து எடுத்த அகலப்படம் போதாது. வானிலிருந்து பச்சையாகத் தெரிவது எந்தப் பச்சை என்பதை அண்மைப் படமே கூறும். வெண்கண்டல் எனப்படும் அவிசேனியா மரம் முறிந்த அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றலுடையது. ரைசோபோரா இனக் கண்டலின் முதிர்ந்த மரங்களுக்கு அவ்வாற்றல் பெரும்பாலும் இல்லை; தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு விழும் நாற்றுகளைக் கொண்டே அது காட்டை மீட்க வேண்டும். ஆகவே முறிந்த அடிமரத்தில் ஒரு தளிர் என்ற படம், எந்த மரத்தின் தளிர் என்பதைப் பொறுத்து வேறுவேறு பொருள் தரும். முன்னையது அதே மரம் உயிர்தரித்தமையைக் கூறும். பின்னைய இனத்தில் நாற்றுகள் வருதற்கு அயலில் உயிருள்ள தாய்மரங்களும் தடையற்ற நீரோட்டமும் தேவை.

மூச்சுவேர்களைக் காட்டும் படமும் அவ்வாறே பொருளுடையது. வெள்ளம் கொணர்ந்த வண்டல் மூச்சுவேரை மூடிவிடின், சூறாவளியைத் தாங்கி நின்ற மரமும் பல மாதங்கள் கழித்து மடியக்கூடும். அனர்த்தம் நிகழ்ந்து ஒரு மாதத்தில் எடுத்த பசுமையான படம் மறு ஆண்டிற் பொய்யாகிவிடலாம். சேற்றின் மட்டத்துக்கு மேலே வேர் எவ்வளவு நீட்டி நிற்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டும் ஒரு சிறுபடம், பிரகடனங்கள் பலவற்றிலும் கூடிய உண்மையைக் கூறவல்லது. ஆயின் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. படம் எங்கு, எப்போது, எந்நீர்மட்டத்தில் எடுக்கப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். அதே இடம் மீண்டும் மீண்டும் எடுக்கப்படவும் வேண்டும். திகதியற்ற தளிர் எவ்வனர்த்தத்துக்கும் எந்நிறுவனத்துக்கும் எவ்வறிக்கைக்கும் பொருந்தும். எங்கும் பொருந்துவதாலேயே அது எதனையும் நிறுவுவதில்லை.

5

இது வெறும் அழகியற் பிரச்சினையன்று என்பதை 2004இன் பின்னரான வரலாறு காட்டுகின்றது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிழக்கு, தெற்குக் கரைகளை அழித்த அளவுக்கு மன்னாரை அழிக்கவில்லை. ஆயின் அதன் பின் தோன்றிய கண்டல் நடுகை இயக்கம் இலங்கையின் கரையோரம் பற்றிய பொதுச் சிந்தனையையே மாற்றியது. கண்டற் காடு அலையைத் தடுக்கும் அரண் என்ற கருத்துப் பரவி, நிதியும் நிறுவனங்களும் திரண்டன. சேற்றில் ஊன்றிய நாற்றின் அண்மைப் படம் அவ்வியக்கத்தின் இலச்சினை போலாயிற்று.

விளைவு யாது? இலங்கையில் நடுகை நிகழ்ந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான முயற்சியில் ஏறத்தாழ 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே வெற்றி கண்டதாகக் கூறியது. ஒன்பது இடங்களில் நட்ட கன்று ஒன்றேனும் எஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டமையும் நட்டபின் பராமரியாமையும் முக்கிய காரணங்கள். நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் கருதாது, கைக்கு எளிதாகக் கிடைத்த நாற்றுகள் நடப்பட்டன. கரையின் நீரோட்டத்தை நாளாந்தம் அறிந்திருந்த மீனவரின் அறிவு பல இடங்களிற் கணக்கில் எடுக்கப்படவில்லை என்று கொள்வது தவறாகாது.

நடுகை நாளன்று எடுத்த நாற்றின் படம் பொய்யன்று. நாற்று உண்மையிலேயே அங்கு நின்றது. ஆயின் ஒரு கணத்தின் உண்மை, ஒரு செயன்முறையின் உண்மையாக விற்கப்பட்டது. நிதி வழங்கியோருக்கு அதுவே கணக்காயிற்று. காடு மீள்தற்குப் பல ஆண்டுகள் செல்லும். படம் எடுப்பதற்குக் கணப்பொழுது போதும். உழைப்பினதும் இயற்கையினதும் காலத்தை நிதியறிக்கையின் காலம் விழுங்கிவிட, அவ்விழுங்கலை அழகு மறைத்துவிட்டது. பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்துத் தானே மதிப்புடையதுபோல் தோன்றுவதை மார்க்ஸ் விளக்கியுள்ளார். நாற்றின் படமும் அவ்வாறே தன்னைச் சூழ்ந்த உறவுகளை மறைத்துத் தானே காடாகத் தோன்றுகின்றது.

6

இதுவரை கூறியது, மீளாத காட்டை மீண்டதாகக் காட்டும் படம் பற்றியதாகும். உண்மையாகவே மீண்ட காட்டின் படமும் எவ்வாறு உண்மையை மறைக்கலாம் என்பதற்கு மன்னாரின் தென்பகுதி சான்றாக உள்ளது.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலிப் பிரதேசத்தின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி ஆகிய ஊர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலோர் புத்தளம் பகுதியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அகதிகளாக வாழ்ந்தனர். அக்காலத்தில் அவர்களது வளவுகளையும் வயல்களையும் காடு மூடியது. 2009இற் போர் முடிந்தது. 2012இல் வெளியிடப்பட்ட வர்த்தமானி, அம்மக்கள் உரிமைகோரும் நிலங்களையும் உள்ளடக்கி ஒதுக்கக்காடு பிரகடனஞ் செய்தது. மீள்குடியேற்றம் நிகழ்ந்தபோது, 2015 அளவில், வில்பத்துக் காடு அழிக்கப்படுகின்றது என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. வெட்டப்பட்ட மரங்களின் படங்களும் வானிலிருந்து எடுத்த படங்களும் அக்குரலுக்குச் சான்றாக அமைந்தன. 2017இல் 40,030 ஹெக்டேயர் பரப்பு மாவில்லு பேணற் காடாகப் பிரகடனமாயிற்று. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்துக்கு முரணாக அழிக்கப்பட்ட காட்டை முன்னாள் அமைச்சரொருவரின் செலவில் மீள நடுமாறு பணித்தது.

அவ்வழக்கின் சட்ட நியாயங்கள் எமது ஆய்வுக்கு அப்பாற்பட்டவை. அதிகாரத்தின் துணையோடு காடு வெட்டப்படுதலை எவ்வகையிலும் நியாயப்படுத்தவும் இங்கு முயலவில்லை. இங்கு எழும் வினா வேறு. பாழடைந்த கிணற்றின் கட்டிலிருந்து எழும் ஒரு செடியின் அண்மைப் படம் எதனைக் காட்டுகின்றது? இயற்கையின் மீட்சியையா, ஒரு சமூகத்தின் வெளியேற்றத்தையா? இரண்டும் ஒன்றே என்பதே உண்மை. சட்டகம் செடியை மட்டும் கொள்ளும்போது முதலாவது மட்டுமே எஞ்சுகின்றது. இருபது ஆண்டு அகதி வாழ்வு இருபது ஆண்டு வளர்ச்சியாக மாறிவிடுகின்றது. நூற்றாண்டொன்றின் முன்னர் முத்துக்குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய மறிச்சுக்கட்டியை, மனிதர் காலடி படாத வனமென்று நம்பச்செய்ய ஒரு நல்ல படமே போதுமானதாகி விடுகின்றது.

இதற்கு மறுதலையும் உண்டு. 2024இல் விடத்தல்தீவு ஒதுக்கத்தின் ஒரு பகுதியை நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென விடுவிக்கும் வர்த்தமானி வெளியாகி, சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. மீண்டு வந்த முசலிக் குடியானவனுக்கு எதிராக உறுதியாக நின்ற 'மனிதரற்ற இயற்கை' என்ற கருத்து, மூலதனத்தின் முன்னே இலகுவிற் கலைந்தது. காடு யாருக்கு எதிராகக் காக்கப்படுகின்றது, யாருக்காக விடுவிக்கப்படுகின்றது என்ற வினாவை இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்கும்போதே கேட்க இயலும்.

7

இயற்கையையும் மனிதரையும் பிரித்து நோக்கும் பார்வை தமிழ் மரபிலே தவிர்க்க முடியாததா என்பது அடுத்த வினா. திணைக் கோட்பாட்டை இவ்விடத்து நோக்குதல் பயனுடையது. தொல்காப்பியம் கருப்பொருள்களாகத் தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் என்பவற்றை எண்ணுகின்றது. செய்தி என்பது தொழில் என உரையாசிரியர் விளக்குவர். மரத்தையும் பறவையையும் எண்ணிய அதே வரிசையில் உணவும் தொழிலும் எண்ணப்பட்டமை தற்செயலானதன்று. நெய்தல் நிலம் என்பது மணலும் கண்டலும் நாரையும் மட்டுமன்று; மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் அதன் கூறுகளே. பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்றோர் திணையைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் பின்னணியில் ஆராய்ந்து, அது வெறும் இயற்கை வருணனையன்று என்பதை நிறுவியுள்ளனர்.

இதனைக் கொண்டு பழமையைப் பொற்காலமாக்குதல் தவறாகும். அகப்பாடலில் நெய்தற் பரதவரின் வலையும் படகும் பெரும்பாலும் காதலுணர்வின் பின்னணியாகவே அமைகின்றன. அவர்தம் சுரண்டல் அங்கு பொருளாவதில்லை. ஆயின் நிலத்தைத் தொழிலோடு சேர்த்தே கருதும் முறையொன்று எமது மரபில் உண்டு என்பது உண்மை. இன்றைய இயற்கைப் புகைப்படம் எட்டினுள் மாவையும் மரத்தையும் புள்ளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, உணாவையும் செய்தியையும் சட்டகத்துக்கு வெளியே தள்ளுகின்றது.

அவை தள்ளப்படுதற்கு இயற்கையான நியாயம் எதுவும் இல்லை. கண்டற் பட்டையின் சாயத்தில் வலையைத் தோய்த்து உறுதியாக்கியது இக்கரையோர மக்களின் பழந்தொழில்களுள் ஒன்று. கண்டல் வேர்களிடையே வளரும் இறாலும் நண்டும் களப்பு மீனவரின் உணவும் வருவாயுமாகும். மன்னாரின் அடையாளமாகப் படமெடுக்கப்படும் பள்ளிமுனைப் பெருக்கமரமே ஆபிரிக்காவுக்கு உரியது. அராபிய வணிகர் வழி அது இங்கு வந்தது என்பது பொதுக் கருத்து. அதன் பட்டையின் மடிப்புகளை அண்மையில் எடுக்கும் படம், அறிந்தோ அறியாமலோ, இந்துமாகடல் வணிக வரலாறொன்றின் மேற்பரப்பையே எடுக்கின்றது.

8

முடிவாகச் சில கூறலாம். சிறு சட்டகத்தைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒரு மீனவரை நிறுத்திவிட்டால் அது முற்போக்குப் படமாகிவிடும் என்று கருதுவதும் பேதைமை. அவ்வாறு நிறுத்தப்படும் மனிதர் மற்றொரு நாரையாகவே அமைவர். சுலோகத்தை ஒட்டிவிட்ட கவிதை முற்போக்குக் கவிதையாகாதது போன்றதே இதுவும்.

வேண்டப்படுவது முறை பற்றிய தெளிவாகும். முதலாவதாக, படம் தன் காலத்தையும் இடத்தையும் அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, ஒரே இடத்தைப் பருவந்தோறும் ஆண்டுதோறும் மீள எடுத்து, மீட்சியை நிலையாகக் காட்டாது இயக்கமாகக் காட்ட வேண்டும். தளிரை எடுத்தவர், அத்தளிர் பட்டுப்போயின் அதனையும் எடுக்கக் கடமைப்பட்டவர். மூன்றாவதாக, படத்தொகுதியின் ஒழுங்கினாலும் உடன்வரும் சொற்களினாலும் அந்நிலத்தின் உணாவும் செய்தியும் வெளிப்படல் வேண்டும். புகைப்படத்துக்குச் சொற்குறிப்பு இன்றியமையாதது என்று பெஞ்சமின் 1931இலேயே வற்புறுத்தினார். நான்காவதாக, கரையில் வாழ்வோர் எடுக்கும் படங்களும் கண்காட்சிகளில் இடம்பெற வேண்டும். இன்று கமெரா பொருந்திய கைத்தொலைபேசி மீனவர் வீடுகளிலும் உண்டு. நாற்று எந்த மாதத்தில் அள்ளுண்டது என்பதை முதலிற் காண்போர் அவர்களே.

விமர்சகருக்கும் இதிற் கடமை உண்டு. ஒரு காடு மீண்டுவிட்டது என்று தீர்ப்பளிப்பவர் யார், எச்சான்றைக் கொண்டு தீர்ப்பளிக்கிறார், அத்தீர்ப்பினால் நிலம் யார் கைக்குச் செல்கின்றது என்ற வினாக்களை அழகின் முன்னிலையிலும் அவர் கேட்டாக வேண்டும். மன்னார்க் கரையில் இன்று காற்றாலைகளும் கனிமமணல் அகழ்வுத் திட்டங்களும் ஒதுக்கங்களும் உல்லாசப் பிரயாணத் திட்டங்களும் ஒரே நிலத்துக்குப் போட்டியிடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கேற்ற இயற்கைப் படத்தை முன்வைக்கும். அப்படங்களை வாசிக்கக் கற்றுக்கொள்ளாத சமூகம், தன் நிலம் பற்றிய தீர்மானங்களை அவற்றுக்கு ஒப்படைத்து விடும். கவிதையை வாசிக்கக் கற்றுத்தரும் எமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் இவ்வாசிப்பையும் தமது பணியாக ஏற்றல் காலத்தின் தேவையாகும்.